வேலூர் வாசகர்கள் கேட்டவை: யார் ஃபோனிலும் திறக்கும் ஃபைல்

இந்த முறை வேலூர், ராணிப்பேட்டை, குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கத்திலிருந்து வந்த கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன். பழைய வட ஆற்காடு இப்போது நான்கு மாவட்டமாகிவிட்டாலும் எல்லாரும் ஏறக்குறைய ஒரே விஷயத்தைத்தான் கேட்டிருக்கிறார்கள். அனுப்பிய ஃபைல் அந்தப் பக்கம் ஒழுங்காகத் திறப்பதில்லை, பழையது திறக்கவே மாட்டேன் என்கிறது, என்ன செய்யலாம்?

கேள்வி: தோல் பொருள் நிறுவனத்தில் ஆபீஸ் வேலை பார்க்கிறேன். விலைப்பட்டியலை வேர்டில் அடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். என் கம்ப்யூட்டரில் ஒரே பக்கம்தான். வாங்குபவர் ஃபோனில் மூன்று பக்கமாக ஓடுகிறது, டேபிள் பாதியில் வெட்டுகிறது. நான் எங்கே தப்பு செய்கிறேன்?
– ராணிப்பேட்டை வாசகர்

பதில்: தப்பு உங்களுடையது இல்லை. நீங்களாகப் போட்ட பக்க முறிவைத் தவிர, வேர்ட் ஃபைலுக்குள் பக்கம் இங்கே முடிகிறது என்று நம்பி எடுத்துக்கொள்ளும்படி எதுவும் இருப்பதில்லை. இந்த எழுத்து, இந்த அளவு, இந்த ஓரம், இங்கே ஒரு டேபிள் என்றுதான் இருக்கும். திறக்கிற மென்பொருள் அந்த நேரத்தில் தன்னிடம் உள்ள எழுத்துருவை வைத்து அளந்து, வரியை மடக்கி, பக்கம் பிரிக்கிறது. உங்கள் விண்டோஸில் லதா அல்லது நிர்மலா இருக்கும், அவருடைய ஆண்ட்ராய்டில் இருப்பது நோட்டோ தமிழ், இரண்டுக்கும் அகலம் வேறு, தமிழ்ச் சொற்களும் நீளம், ஆகவே ஒரு சொல் இடம் கொள்ளாமல் அடுத்த வரிக்குப் போனால் போதும், கீழே இருக்கிற அத்தனையும் நகர்ந்துவிடும்.

விலைப்பட்டியலை வாங்குபவர் திருத்தப் போவதில்லை, படிக்கத்தான் போகிறார். படிப்பதற்கு மட்டுமான எதையும் வெப் பக்கமாக, அதாவது எச்டிஎம்எல்லாகத் தருவதுதான் சரி என்பது என் உறுதியான கருத்து. இது தலைப்பு, இது பத்தி, இது அட்டவணை என்று மட்டும் சொல்லும் வடிவம் அது. திரை சிறியதென்றால் எழுத்து அதற்கேற்ப மடங்கிக்கொள்ளும். திறக்கத் தனி மென்பொருள் வேண்டாம், பிரவுசர் இல்லாத ஸ்மார்ட்ஃபோன் இன்று கிடையாது. நிறம், எழுத்துரு, இடைவெளி எல்லாம் சிஎஸ்எஸ் என்ற இன்னொரு மொழியில் தனியாக இருக்கும். அதே சிஎஸ்எஸ்ஸில் அச்சுக்கென்று வேறு விதியும் எழுதலாம்: தாள் ஏ4, ஓரம் இவ்வளவு, டேபிளின் ஒரு வரிசை இரண்டு பக்கத்தில் பிளக்கக் கூடாது என்று. ஃபோனில் ஒரு விதமாகவும் தாளில் ஒரு விதமாகவும் வரும், ஃபைல் ஒன்றுதான்.

கோட் எழுதத் தெரிய வேண்டும் என்று பயப்பட வேண்டாம். லிப்ரே ஆபீஸ் என்ற இலவச ஆபீஸ் மென்பொருளில் அடித்து எச்டிஎம்எல் என்று சேமிக்கலாம். கூகுள் டாக்ஸில் வெப் பக்கமாக இறக்கினால் ஒரு ஜிப் ஃபைல் வரும், படங்கள் அதற்குள் தனியாக இருக்கும். ஒரு பழக்கத்தை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்: தலைப்பைப் பெரிதாக்கி போல்டு செய்வதை விட்டுவிட்டு, ஸ்டைல் பட்டியலில் 'ஹெட்டிங்' என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். போல்டு செய்தால் அது வெறும் தடித்த எழுத்து. ஹெட்டிங் கொடுத்தால்தான் அது தலைப்பு என்று பிரவுசருக்கும், பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் திரைவாசிப்பு மென்பொருளுக்கும் தெரியும்.

இன்னொன்று, எச்டிஎம்எல் ஃபைலை மெயிலில் இணைத்து அனுப்பாதீர்கள். மோசடிக்காரர்கள் போலி லாகின் பக்கங்களை அப்படித்தான் அனுப்புகிறார்கள் என்பதால் பல நிறுவனங்களின் மெயில் வடிகட்டி அதை நிறுத்திவிடும், நிறுத்துவதும் சரிதான். உங்கள் நிறுவனத்தின் வெப்சைட்டில் ஒரு பக்கமாக ஏற்றி லிங்க்கை அனுப்புங்கள். விலை மாறினால் அந்தப் பக்கத்தைத் திருத்தினால் போதும், பழைய பட்டியல் யார் கையிலும் சுற்றிக்கொண்டு இருக்காது.

கேள்வி: இதற்கெல்லாம் பிடிஎஃப் போதாதா?
– காட்பாடி வாசகர்

பதில்: அச்சுக்கும் கையெழுத்து, முத்திரை போட்ட காகிதத்துக்கும் போதும். பிடிஎஃப் 2008 முதல் ஐஎஸ்ஓ தரம், நம்பிக்கையாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஃபோனில் ஏ4 பக்கத்தை விரலால் பெரிதாக்கி இடமும் வலமும் இழுத்துப் படிக்க வேண்டியிருக்கிறதே, அறுபது வயதுக்காரரிடம் அதைக் கொடுத்துப் பாருங்கள். அப்புறம், பிடிஎஃப்பிலிருந்து தமிழைக் காப்பி செய்தால் கொம்பும் காலும் இடம் மாறி வருவது நிறைய பேருக்கு நடந்திருக்கும். எழுத்தின் வடிவம் எங்கே நிற்க வேண்டும் என்பதை அது துல்லியமாக வைத்திருக்கும், சொல்லை அப்படி வைத்திருக்கும் என்று சொல்ல முடியாது. தேடினாலும் கிடைக்காது.

கேள்வி: அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. வீட்டில் பவர்பாயிண்டில் தயார் செய்து பென்டிரைவில் கொண்டுபோகிறேன். வகுப்பறைக் கம்ப்யூட்டரில் இருப்பது வேறு மென்பொருள், தமிழ் எழுத்துரு மாறி, படத்தின் மேல் எழுத்து ஏறிவிடுகிறது. மாற்று வழி உண்டா?
– பேரணாம்பட்டு வாசகி

பதில்: உண்டு. ஆவணம், கணக்குத்தாள், ஸ்லைடு என்ற மூன்று வகை ஆபீஸ் ஃபைலில் வெப் வடிவத்துக்கு மிகப் பொருத்தமானது ஸ்லைடுதான் என்று நான் நினைக்கிறேன், ஏனென்றால் ஸ்லைடு பிறந்ததே திரைக்காக.

இதுவும் புதிய யோசனை இல்லை. 2004லேயே எரிக் மேயர் 'எஸ்5' என்ற சிறிய தொகுப்பை வெளியிட்டார். ஒரே எச்டிஎம்எல் ஃபைல், திரையில் ஸ்லைடாக ஓடும், அச்சிட்டால் மாணவர்களுக்குக் கொடுக்கும் கைத்தாளாக வரும். வெப் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பில் இருந்த டேவ் ராகெட் 'ஸ்லைடி' என்று ஒன்று செய்தார். இப்போது அதிகம் பேர் பயன்படுத்துவது 'ரிவீல்' என்ற தொகுப்பு. எல்லாமே இலவசம், எல்லாவற்றிலும் அடிப்படை ஒன்றுதான்: ஒவ்வொரு ஸ்லைடும் ஒரு பகுதி, அதற்குள் ஒரு தலைப்பு, நாலைந்து வரி, ஒரு படம். அம்புக்குறி விசையைத் தட்டினால் அடுத்த பகுதி வரும்.

ரிவீல் தொகுப்பை ஒரு முறை இறக்கிக் கோப்புறையில் வைத்துக்கொண்டால் இன்டர்நெட் இல்லாத வகுப்பறையிலும் ஓடும். எழுத்துரு ஃபைலையும் அதே கோப்புறையில் போட்டு, இதைத்தான் பயன்படுத்து என்று சிஎஸ்எஸ்ஸில் ஒரு வரி எழுதிவிட்டால், அந்தக் கம்ப்யூட்டரில் என்ன எழுத்துரு இருக்கிறது என்ற கவலையே வேண்டாம். நோட்டோ தமிழ் தாராள உரிமத்தில் கிடைக்கிறது, கூடவே கொண்டுபோகத் தடையில்லை. பென்டிரைவுக்குக் காப்பி செய்யும்போது கோப்புறை முழுவதையும் எடுங்கள், எச்டிஎம்எல் ஃபைலை மட்டும் எடுத்தால் படம் வராது.

உங்கள் பாடம் அறிவியல் என்பதால் ஒன்று சொல்ல வேண்டும். மின்சுற்று, இதயம், பூவின் பாகங்கள் மாதிரி கோட்டுப் படங்களை எஸ்விஜி வடிவத்தில் வையுங்கள். 2001லிருந்து இருக்கிற திறந்த தரம் அது. புரொஜெக்டரில் எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காது, படத்துக்குள் இருக்கிற தமிழ் எழுத்தும் எழுத்தாகவே இருப்பதால் 'மகரந்தம்' என்பதை 'மகரந்தப்பை' என்று திருத்த வேண்டுமானால் சொல்லை மட்டும் மாற்றினால் போதும். லிப்ரே ஆபீஸ் டிராவிலோ இன்க்ஸ்கேப்பிலோ வரையலாம்.

எழுத்து பறந்துவருவது, சுழல்வது மாதிரி வேலைகள் பவர்பாயிண்டில் இருக்கிற அளவுக்குச் சுலபமாக இதில் வராது. பாடம் நடத்த அது தேவையில்லை என்பது என் எண்ணம். ஆனால் நீங்கள்தானே பிள்ளைகள் முன்னால் நிற்கிறீர்கள், உங்கள் முடிவுதான்.

கேள்வி: எங்கள் மகளிர் குழுக்களின் சேமிப்பு, கடன், தவணைக் கணக்கை நான்தான் எக்செல்லில் வைத்திருக்கிறேன். அதையும் வெப் பக்கமாக மாற்றிவிடலாமா? சிஎஸ்வி என்று ஒன்றில் சேமித்தேன், திறந்தபோது தமிழ்ப் பெயர்கள் எல்லாம் கிறுக்கலாக வந்தன.
– குடியாத்தம் வாசகி

பதில்: வேண்டாம், மாற்றாதீர்கள். வெப் வடிவத்துக்காக இவ்வளவு வாதாடுகிற நானே இதைச் சொல்கிறேன். எச்டிஎம்எல் அட்டவணையில் எண் இருக்கும், அந்த எண் எப்படி வந்தது என்ற ஃபார்முலா இருக்காது. வட்டிக் கணக்குக்கு ஃபார்முலாதான் உயிர். ஆகவே கணக்கை இரண்டு வடிவத்தில் வையுங்கள். தினமும் வேலை செய்ய ஓடிஎஸ், அதாவது லிப்ரே ஆபீஸ் கால்க்கின் சொந்த வடிவம், எக்செல்லும் இதைத் திறக்கும். இந்த வடிவத்தின் ஆரம்பத் தரத்தில் ஃபார்முலாவை எப்படி எழுத வேண்டும் என்பதே வரையறுக்கப்படாமல் இருந்தது, 2011இல் வந்த 1.2 பதிப்பில்தான் அந்தக் குறை தீர்ந்தது. இரண்டாவது, மாதக் கடைசியில் ஒவ்வொரு தாளையும் சிஎஸ்வியாகச் சேமியுங்கள். சிஎஸ்வியில் இருப்பது காற்புள்ளி போட்டுப் பிரித்த வெறும் எழுத்து, நோட்பேடில்கூடத் திறக்கும். குழுவில் எல்லாருக்கும் காட்ட வேண்டிய மாத அறிக்கையை மட்டும் வெப் பக்கமாகக் கொடுங்கள், அவரவர் ஃபோனில் படித்துக்கொள்வார்கள்.

தமிழ் கிறுக்கலாக வந்ததற்குக் காரணம் இதுதான். எழுத்தை எண்ணாக மாற்றிவைக்கும் முறைக்குக் குறியாக்கம் என்று பெயர், சிஎஸ்விக்குள் எந்தக் குறியாக்கம் என்று எழுதிவைக்க இடமே கிடையாது, திறக்கும் மென்பொருள் தானாக ஊகிக்கிறது. எக்செல்லில் சேமிக்கும்போது 'சிஎஸ்வி யுடிஎஃப்-8' என்று தனியாக இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். திறக்கும்போது ஃபைலை இரட்டைத் தட்டு தட்டாமல், டேட்டா மெனுவில் போய் உள்ளே எடுங்கள். கால்க்கில் இந்தத் தொல்லை குறைவு, திறப்பதற்கு முன்பே குறியாக்கம் என்ன, பிரிப்பான் என்ன, எந்தப் பத்தி (மேலிருந்து கீழே ஓடும் காலம்) என்ன வகை என்று கேட்டுவிடும்.

அந்த வகை கேட்கும் இடத்தில் நிதானமாக இருங்கள். வங்கிக் கணக்கு எண், ஆதார், ஃபோன் எண் இருக்கிற பத்திகளுக்கெல்லாம் 'டெக்ஸ்ட்' என்று கொடுங்கள். விட்டுவிட்டால் முன்னால் இருக்கிற பூஜ்யம் போய்விடும். எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கம்தான் துல்லியமாக வைத்துக்கொள்ளும், 16 இலக்கக் கணக்கு எண் தரும் வங்கிகள் இருக்கின்றன, கடைசி இலக்கம் சத்தமே இல்லாமல் பூஜ்யமாகிவிடும். அந்தப் பணம் யார் கணக்குக்குப் போகும் என்று யோசித்துப் பாருங்கள். தேதியையும் 2025-04-03 என்று ஆண்டு முன்னால் வர எழுதுங்கள், 3/4 என்று எழுதினால் ஏப்ரலா மார்ச்சா என்று ஒவ்வொரு மென்பொருளும் ஒவ்வொன்று சொல்லும்.

இதெல்லாம் சின்ன விஷயம் என்று தோன்றினால், இங்கிலாந்தில் நடந்ததைக் கேளுங்கள். 2020இல் கொரோனா பரிசோதனை முடிவுகள் சிஎஸ்வியாக வந்தன, பொதுச் சுகாதார அமைப்பு அவற்றை எக்செல்லின் பழைய எக்ஸ்எல்எஸ் வடிவத்துக்குள் ஏற்றியது. அந்த வடிவத்தில் 65,536 வரிசைக்கு மேல் இடம் கிடையாது. அதற்கு மேல் வந்தவை விழுந்துவிட்டன. செப்டம்பர் 25க்கும் அக்டோபர் 2க்கும் இடையில் தொற்று உறுதியான 15,841 பேரின் முடிவுகள் தினசரிக் கணக்கில் வரவில்லை, அவர்களோடு பழகியவர்களைத் தேடிச் சொல்வதும் தாமதமானது. அதே ஆண்டு மனித மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் குழு, எக்செல் அவற்றைத் தேதியாக மாற்றிவிடுகிறது என்பதற்காகவே சில மரபணுக்களின் பெயரை மாற்றியது. விஞ்ஞானிகள் தாங்கள் வைத்த பெயர்களை மென்பொருளுக்காக மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது, நாமாவது பத்தியை டெக்ஸ்ட் என்று குறித்துவைப்போம்.

கேள்வி: லாங் பஜார் பக்கம் டிடிபி கடை. கோயில் மலர், பள்ளி ஆண்டு மலர், அழைப்பிதழ் என்று பழைய பேஜ்மேக்கர் ஃபைல்கள் நிறைய இருக்கின்றன. புதுக் கம்ப்யூட்டரில் திறக்க முடியவில்லை. வேர்டில் இருப்பவை திறந்தாலும் ஆங்கில எழுத்தாகத் தெரிகிறது. தூக்கிப் போட வேண்டியதுதானா?
– வேலூர் வாசகர்

பதில்: தயவுசெய்து தூக்கிப் போடாதீர்கள். அழைப்பிதழ்கள் போனால் போகட்டும். ஒரு ஊர்க் கோயிலின் கும்பாபிஷேக மலரில் அந்த ஊர்ப் பெரியவர்கள் எழுதிய தலவரலாறும், திருப்பணிக்குக் கொடுத்தவர்கள் பட்டியலும், அந்தப் பள்ளியில் யார் யார் தலைமையாசிரியராக இருந்தார்கள் என்பதும் வேறு எங்கும் அச்சில் இல்லாமல் இருக்கலாம்.

உங்களிடம் இருப்பது இரண்டு பூட்டு. முதல் பூட்டு பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருள். அதன் 7ஆம் பதிப்பு 2001இல் வந்தது, அதற்குப் பிறகு புதுப் பதிப்பே இல்லை. லிப்ரே ஆபீஸால் பேஜ்மேக்கர் ஃபைல்களைத் திறக்க முடியும், வடிவமைப்பு அப்படியே வரும் என்று எதிர்பார்க்காதீர்கள், எழுத்தும் படமும் வந்தால் போதும் என்று நினைத்துத் திறந்து பாருங்கள்.

இரண்டாவது பூட்டு எழுத்துரு, இதுதான் பெரியது. பாமினி மாதிரிப் பழைய எழுத்துருக்களில் ஃபைலுக்குள் இருப்பது தமிழே இல்லை, ஆங்கில எழுத்துக்குறிதான். அந்தக் குறிக்குத் தமிழ் வடிவத்தை எழுத்துரு வரைந்து காட்டியது. எழுத்துரு போனால் தமிழும் போயிற்று. ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு குறிக்கு ஒவ்வொரு எழுத்தை வைத்திருந்தது. 1999இல் டாம், டாப் என்று பொதுத் தரம் வந்தது, 2010இல் தமிழக அரசு, உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான யூனிகோடையும், தமிழுக்கென்று உள்ள டேஸ்16 குறியாக்கத்தையும் ஏற்றது. இப்போது ஃபோன், பிரவுசர், தேடல் எல்லாவற்றுக்கும் தெரிந்தது யூனிகோடுதான். என்எச்எம் கன்வெர்ட்டர், பொங்குதமிழ் போன்ற இலவச மாற்றிகளில் எந்த எழுத்துரு என்று தேர்ந்தெடுத்து ஒட்டினால் யூனிகோடாக மாற்றித் தரும். ஆங்கிலச் சொற்கள் கலந்த இடத்தில் அவையும் தமிழாகி உளறலாக நிற்கும், ஒரு முறை படித்துத் திருத்த வேண்டும்.

மாற்றியதை மறுபடியும் இன்னொரு டிடிபி மென்பொருளுக்குள் பூட்டிவிடாதீர்கள். எச்டிஎம்எல்லாக வையுங்கள், புத்தகமாக வேண்டுமென்றால் இபப். இபப் என்பது எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், படம் எல்லாம் சேர்த்துக் கட்டிய ஜிப்தான், லிப்ரே ஆபீஸிலிருந்தே எடுக்கலாம். எவ்வளவு காலம் தாங்கும் என்று கேட்டால், வெப்பின் முதல் பக்கம் 1990இல் ஸெர்ன் ஆய்வுக்கூடத்தில் எழுதப்பட்டது, அதன் 1992 பிரதியை இப்போது உங்கள் ஃபோனில் திறந்து படிக்கலாம். அதே காலத்து டிடிபி ஃபைலை அப்படித் திறக்க முடியாது என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும்.

கேள்வி: ஓய்வு பெற்ற அரசு ஊழியன். லிப்ரே ஆபீஸின் ஓடிஎஃப்தான் திறந்த தரம் என்று எழுதுகிறீர்கள். வேர்டின் டாக்எக்ஸும் ஐஎஸ்ஓ தரம் என்று என் பேரன் சொல்கிறான். எது சரி?
– சத்துவாச்சாரி வாசகர்

பதில்: ஐயா, பேரன் சொல்வது சரிதான். ஓடிஎஸ், ஓடிடி எல்லாம் சேர்ந்த ஓடிஎஃப் 2006இல் ஐஎஸ்ஓ தரமானது, எண் 26300. டாக்எக்ஸ், எக்ஸ்எல்எஸ்எக்ஸ், பிபிடிஎக்ஸ் சேர்ந்த ஓஓஎக்ஸ்எம்எல் 2008இல் ஆனது, எண் 29500. இரண்டும் ஜிப்புக்குள் எக்ஸ்எம்எல், அதாவது குறியிட்ட வெறும் எழுத்து. ஆனால் இரண்டாவது வந்த விதத்தில் பெரிய சண்டை நடந்தது. ஆரம்ப விவரக்குறிப்பே 6000 பக்கத்துக்கு மேல், அதற்குள் 'வேர்ட் 95 போல இடைவெளி விடு' என்கிற மாதிரி அமைப்புகள். வேர்ட் 95 எப்படி விட்டது என்பது அதைச் செய்தவர்களுக்குத்தானே தெரியும்? இந்தியா ஐஎஸ்ஓவின் 2007 வாக்கெடுப்பில் இதை எதிர்த்தது, 2008இலும் அந்த நிலையை மாற்றவில்லை. 2010 நவம்பரில் மத்திய அரசு மின் ஆளுமைக்கான திறந்த தரக் கொள்கையையும் வெளியிட்டது.

தரம் என்ற பெயர் இருந்தால் மட்டும் போதாது ஐயா, சம்பந்தமே இல்லாத இன்னொருவர் அந்தக் குறிப்பைப் படித்து முழுதாகச் செய்ய முடிகிறதா என்று பார்க்க வேண்டும். எச்டிஎம்எல்லைக் காட்டும் பிரவுசர்களைப் பல நிறுவனங்கள் தனித்தனியாகச் செய்திருக்கின்றன, ஒரே பக்கம் எல்லாவற்றிலும் திறக்கிறது. நான் ஓடிஎஃப்பையும்விட வெப் வடிவத்தை முன்னால் வைப்பது அதனால்தான்.

கேள்வி: பொறியியல் கடைசி ஆண்டு. ப்ராஜெக்ட் ரிப்போர்ட் முழுவதையும் எச்டிஎம்எல்லில் எழுத ஆசை. சமன்பாடு, பக்க எண் எல்லாம் வருமா? டிபார்ட்மெண்டில் வேர்டில்தான் கேட்பார்கள்.
– வேலூர் மாணவர்

பதில்: சமன்பாடு வரும். மேத்எம்எல் அதற்கான தரம், ஃபயர்பாக்ஸில் முன்பே உண்டு, 2023 முதல் குரோமிலும் இருக்கிறது. எளிய பக்க எண் புதிய குரோமில் வரும். பொருளடக்கத்தில் பக்கம் காட்டுவது, அடிக்குறிப்பு ஆகியவற்றுக்குப் பிரவுசர் மட்டும் போதாது, பேஜ்டு ஜேஎஸ், விவ்லியோஸ்டைல், வீசிபிரிண்ட் மாதிரி இலவசக் கருவி ஒன்று கூடவே வேண்டும். அதைக் கற்க நேரம் பிடிக்கும்.

ஆகவே கைடு ஒவ்வொரு அத்தியாயத்திலும் வேர்டிலேயே திருத்தம் போட்டுத் தருபவர் என்றால், இந்த ரிப்போர்ட்டை ஓடிடியில், அதாவது லிப்ரே ஆபீஸ் ரைட்டரின் சொந்த வடிவத்தில் எழுதுங்கள், அவருக்கு டாக்எக்ஸ் பிரதி அனுப்புங்கள், திருத்தம் வந்ததும் ஓடிடியில் ஏற்றிக்கொள்ளுங்கள். நம்ம தமிழ்நாட்டு ஜோஹோ ரைட்டரிலும் ஓடிடியாக இறக்கும் வசதி இருக்கிறது. வைவா முடிந்த பிறகு அதையே எச்டிஎம்எல்லாக மாற்றி, அளவெடுத்த எண்களை சிஎஸ்வியாகப் பக்கத்தில் வைத்து, எங்காவது ஏற்றிவிடுங்கள். அடுத்த ஆண்டு அதே தலைப்பை எடுக்கிற ஜூனியர் உங்கள் கிராஃபைப் பார்த்து எண்ணை ஊகிக்க வேண்டியிருக்காது. ஏற்றுவதற்கு முன் கைடிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள், டேட்டா கல்லூரியுடையதாகவோ நிறுவனத்துடையதாகவோ இருந்தால் அனுமதி வேண்டும்.